உரு மாறியவர்களின் ஊர்கள்: காஞ்சி முதல் செந்தூர் வரை

ஓர் ஊரில் இறைவன் எழுந்தருளிய காரணத்தையும், அங்கே வழிபட்டுப் பேறு பெற்றவர்களின் வரலாற்றையும், அவ்வூரின் குளம், மரம், மலை ஆகியவற்றின் சிறப்பையும் கூறும் நூலோ வாய்மொழி மரபோ தலபுராணம் எனப்படும். தமிழகத்துத் தலபுராணங்களைத் தொடர்ந்து படிப்பவர், முனிவரும் அரசரும் தேவியரும் அசுரரும் விலங்காகவோ பறவையாகவோ உரு மாறும் நிகழ்ச்சியை ஊர்தோறும் சந்திக்க நேரும். இத்தகைய கதைகள் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. ரோமானியக் கவிஞர் ஆவிட் கி.பி. 8ஆம் ஆண்டளவில் இயற்றி முடித்த 'மெட்டமார்ஃபசிஸ்' என்னும் காவியம், நெசவில் தெய்வத்துடன் போட்டியிட்ட அராக்னி என்னும் பெண் சிலந்தியானதையும், தாகத்துக்கு நீர் தர மறுத்த லிசிய நாட்டு உழவர்கள் தவளைகளானதையும் கூறுகிறது. ஆவிடின் கதைகளுள் பல உருமாற்றத்தோடு முடிந்துவிடுகின்றன. சிலந்தி சிலந்தியாகவே வலை பின்னுகிறது, தவளை தவளையாகவே கத்துகிறது. தமிழ்த் தலபுராணத்திலோ கதை பெரும்பாலும் உருமாற்றத்தில்தான் தொடங்குகிறது. மாறிய உயிர் தன் புதிய உடலோடு ஓர் ஊரைத் தேடிப் புறப்படுகிறது. அந்த ஊரில் அதற்கு நேர்வது எதுவோ அதுவே கதையின் பொருளாகிறது.

ஆதலால் இக்கதைகளை ஏட்டில் படிப்பதோடு நில்லாமல் அவை நிகழ்ந்ததாகக் கூறப்படும் இடங்களுக்கே சென்று காண்பது பயனுடையது. காஞ்சிபுரத்தில் தொடங்கி, திருக்கழுக்குன்றம், காவிரிக்கரை, ஆவுடையார்கோயில், மதுரை வழியாகத் திருச்செந்தூர்க் கடற்கரையில் முடியும் தெற்கு நோக்கிய வழி அதற்கு ஏற்றது. இவ்வழியில் செல்லும் பயணி, தண்டனையாக வந்த விலங்குரு படிப்படியாக உறவாகவும் உரிமையாகவும் மாறுவதை ஊர் ஊராகக் காண முடியும்.

காஞ்சி: உத்திரத்துப் பல்லிகள்

காஞ்சிபுரத்தின் வரதராசப் பெருமாள் கோயில் வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று. அத்திகிரி என வழங்கும் சிறு குன்றின்மேல் அமைந்த கருவறையை 24 படிகள் ஏறி அடைய வேண்டும். கருவறையைச் சூழ்ந்த பகுதியில் மேற்கூரையில் பொன் தகடு போர்த்திய பல்லி ஒன்றும் வெள்ளித் தகடு போர்த்திய பல்லி ஒன்றும் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றோடு சூரிய சந்திரர் உருவங்களும் உள்ளன. பக்தர்கள் ஏணிப்படியில் ஏறி, கையை உயர்த்தி, இரு பல்லிகளையும் தலை முதல் வால் வரை தடவிச் செல்கின்றனர். சிருங்கிபேரர் என்னும் முனிவரின் புதல்வர் இருவர் கௌதம முனிவரிடம் மாணவராக இருந்தபோது, பூசைக்கு அவர்கள் கொண்டுவந்த தீர்த்தத்தில் பல்லி கிடந்ததாகவும், கவனக்குறைவைக் கண்டு சினந்த ஆசிரியர் அவர்களையே பல்லிகளாகச் சபித்ததாகவும், காஞ்சியில் பெருமாளை வழிபட்டு அவர்கள் சாபவிமோசனம், அதாவது சாபத்திலிருந்து விடுதலை, அடைந்ததாகவும் தலவரலாறு கூறுகிறது. அவர்கள் முத்தி பெற்றதற்குச் சூரியனும் சந்திரனும் சாட்சி என்பதால் அவ்விரு உருவங்களும் உடன் இடம்பெற்றன.

இக்கதையில் கூர்ந்து நோக்க வேண்டியது விடுதலைக்குப் பின் எஞ்சிய உடல். முனிவர் மைந்தர் முத்தி பெற்றபின்னும் பல்லியுரு உலோகமாக அங்கேயே தங்கிவிட்டது. தங்கியதோடு, பிறர் துன்பத்தைப் போக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. வீட்டுப் பல்லி உடலின் எந்த உறுப்பின்மேல் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் இன்றும் அட்டவணை இடுகின்றன. தீய பலன் என்று அஞ்சுவோர் காஞ்சிப் பல்லிகளைத் தொட்டால் அந்தத் தோஷம், அதாவது குற்றத்தால் விளையும் கேடு, நீங்கும் என்பது நம்பிக்கை. காஞ்சிக்குச் சென்று பல்லியைத் தொட்டு வந்தவரை வணங்கினாலே போதும் என்று கருதுவோரும் உளர். பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கம் சங்கப் பாடல்களிலேயே காணப்படுகிறது. பிரிந்து சென்ற தலைவன் வருவானா என்று ஏங்கும் தலைவி பல்லியின் சொல்லுக்குச் செவிசாய்க்கிறாள். இவ்வாறு நெடுங்காலமாக மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, அச்சத்தையும் ஆறுதலையும் ஒருசேரத் தந்துவந்த ஓர் உயிருக்குக் கோயிலின் கூரையிலேயே இடம் தந்தது காஞ்சி. ஏணியில் ஏறிப் பல்லியைத் தொட்டு இறங்கும் குழந்தை, வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியை அடிக்கக் கை ஓங்கும்போது சற்றே தயங்கும் என்றால், அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதே இக்கதையின் பெரும் பயன்.

காஞ்சியை விட்டு நீங்குமுன் குமரகோட்டம் என்னும் முருகன் கோயிலையும் காண வேண்டும். பயணத்தின் இறுதியில் திருச்செந்தூரில் நிகழும் பெரும் உருமாற்றத்தைப் பாடிய கந்தபுராணம், இக்கோயிலின் அருச்சகர் கச்சியப்ப சிவாசாரியாரால் இயற்றப்பட்டு இங்கேயே அரங்கேறியது என்பது மரபு.

திருக்கழுக்குன்றம்: வராமல் போன இருவர்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம் வருகிறது. மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் என இரு கோயில்கள் கொண்ட இவ்வூர், தேவாரம் பாடிய மூவராலும் திருவாசகம் பாடிய மாணிக்கவாசகராலும் போற்றப்பட்டது. 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி மலைக்கோயிலை வழிபட்டு இறங்கும் வழியில், ஒரே பாறையில் குடையப்பட்ட ஒருக்கல் மண்டபம் உள்ளது. பல்லவர் காலத்துக் குடைவரையாகிய அதன் சுவர்களில் 17ஆம் நூற்றாண்டில் வந்துசென்ற டச்சுக்காரர்கள் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். கடல் கடந்து வந்தோரையும் இம்மலை ஈர்த்தது என்பதற்கு அக்கீறல்கள் சான்று.

இவ்வூருக்குப் பட்சிதீர்த்தம் என்ற பெயரும் உண்டு. நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வானிலிருந்து பாறைமேல் இறங்கி, பூசகர் கையால் சருக்கரைப் பொங்கல் உண்டு திரும்பிச் செல்வது இங்கு நெடுங்காலம் நிகழ்ந்த வழக்கம். சாபத்தால் கழுகுருப் பெற்ற முனிவர்கள் யுகத்துக்கு இருவராக இங்கு வழிபட்டு விடுதலை அடைகின்றனர் என்று தலபுராணம் கூறும். திரேதா யுகத்தில் அவ்விருவர் இராமாயணத்துச் சம்பாதியும் சடாயுவும் ஆவர். காலையில் கங்கையில் நீராடி, நண்பகலில் கழுக்குன்றத்தில் உண்டு, மாலையில் இராமேசுவரத்தில் வழிபடுவதாக அப்பறவைகளின் அன்றாடத்தையும் மக்கள் வகுத்து வைத்திருந்தனர்.

பறவையியலார் அவற்றை மஞ்சள்முகப் பாறு என அடையாளம் கண்டனர். பாறு என்பது பிணந்தின்னிக் கழுகுக்குரிய பழந்தமிழ்ப் பெயர். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட இவ்வினம் பாறை இடுக்குகளில் கூடு கட்டி, இணையை நெடுநாள் பிரியாமல் வாழ்வது. எப்போதும் இருவராகவே வந்தனர் என்ற புராணச் செய்திக்கும் இப்பறவையின் இயல்புக்கும் உள்ள பொருத்தம் வியப்பளிக்கிறது. கதையைக் கட்டியவர்கள் பறவையை நன்கு கவனித்தவர்கள் என்பதை அது காட்டுகிறது. செத்த உடலைத் தின்பதால் இழிவாகக் கருதப்படக்கூடிய ஒரு பறவையை முனிவர் என்று கொண்டு, கோயில் நைவேத்தியத்தை முதலில் அதற்குப் படைத்தது இம்மண்ணின் பெருந்தன்மை.

1990களின் இறுதிக்குப் பிறகு அந்த இருவர் வரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியா முழுவதிலும் பாறு இனங்கள் விரைவாக அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபீனாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பதை 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது; 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்கான அம்மருந்தின் உற்பத்தியைத் தடை செய்தது. மஞ்சள்முகப் பாறு 2007 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கலியுகத்தின் பாவம் மிகுந்ததால் கழுகுகள் வரவில்லை என்று மலையடிவாரத்தில் சிலர் கூறுவதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மனிதர் செய்த பிழையால் அவை மறைந்தன என்ற உண்மையைப் புராண மொழி தன் வழியில் சொல்கிறது. முனிவர் எனக் கொண்டாடிய உயிரைக் காக்கத் தவறியதற்காக இவ்வூரைக் காணும் எவரும் வருந்தவே வேண்டும்.

காவிரிக்கரை: மயிலும் ஆவும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து தெற்கே காவிரிச் சமவெளிக்குள் புகுந்தால், உரு மாறுபவள் தேவியே ஆகிறாள். மயிலாடுதுறையில் உமையம்மை மயில் உருவில் வழிபட்டாள் என்பது தலவரலாறு. தந்தை தக்கன் செய்த வேள்விக்கு இறைவன் விருப்பத்தை மீறிச் சென்ற தேவியிடம், வேள்விச்சாலை அழிந்தபோது ஒரு மயில் அடைக்கலம் புகுந்தது. அஞ்சிய மயிலைக் காத்த நினைவோடு அவள் உடல் நீத்தமையால் மறுபிறவியில் மயிலானாள். அடைக்கலம் தந்த காரணத்தால் அம்மைக்கு அபயாம்பிகை என்று பெயர்; மயிலாகத் தவம் செய்த அவள் முன் இறைவனும் மயிலாக வந்து ஆடினான் என்றும், அந்த ஆடலே மயூர தாண்டவம் என்றும் கூறுவர். சென்னை மயிலாப்பூரிலும் இதே கருத்து வழங்குகிறது. கபாலீசுவரர் கோயிலின் புன்னை மரத்தடிச் சந்நிதியில் அம்மை மயிலுருவில் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தைக் காணலாம்.

காஞ்சிப் பல்லிகளின் கதையில் விலங்குரு குற்றத்துக்குத் தண்டனையாக வந்தது. மயிலாடுதுறையில் அது இரக்கத்தின் தொடர்ச்சியாக வருகிறது. ஓர் உயிரின்மேல் கொண்ட பரிவு எவ்வளவு ஆழமானதோ அவ்வளவுக்கு அந்த உயிராகவே ஆகிவிடுவது என்ற எண்ணம் இக்கதையின் நடுவில் உள்ளது. மேலும், உருவை மீட்டுத் தருவதற்கு முன் இறைவனும் அதே உருவை ஏற்கிறான். மேலிருந்து கை கொடுத்துத் தூக்காமல், மயிலோடு மயிலாக ஆடிய பின்னரே பழைய உருவை அருளுகிறான். ஐப்பசி மாதம் முழுவதும் இவ்வூர்த் துலாக்கட்டத்தில் காவிரி நீராடல் நடைபெறுகிறது; மாதத்தின் இறுதி நாளாகிய கடைமுகத்தன்றும், கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கன்றும் துறை நிரம்புகிறது.

அருகிலுள்ள திருவாவடுதுறையில் தேவி பசுவாகிறாள். இறைவனோடு ஆடிய சூதாட்டத்தில் எழுந்த பிணக்கால் பசுவான அவள், பல ஊர்களில் மேய்ந்து திரிந்து இங்கே உரு மீண்டாள் என்பதால் இத்தலத்து இறைவனுக்குக் கோமுத்தீசுவரர் என்று பெயர். சைவ ஆதீனத்தால் பெயர்பெற்ற இதே ஊருக்கு அருகே சாத்தனூரில், எதிர்த்திசையில் ஓர் உருமாற்றம் நிகழ்ந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. மூலன் என்னும் ஆயன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து நின்று கதறின. அவ்வழியே வந்த கயிலைச் சித்தர் பசுக்களின் துயரைப் பொறுக்க மாட்டாமல் ஆயன் உடலுக்குள் தம் உயிரைச் செலுத்தி எழுந்தார். அவரே திருமந்திரம் அருளிய திருமூலர். மாடுகளின் கண்ணீரைத் துடைப்பதற்காக ஒரு யோகி தம் உடலைத் துறந்தார் என்னும் இச்செய்தி, தமிழ்ச் சைவத்தின் முதன்மையான நூல்களுள் ஒன்றின் பிறப்புக்கே விலங்கின்மேல் கொண்ட இரக்கத்தைக் காரணமாக்குகிறது.

ஆவுடையார்கோயில்: பரியான நரிகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்கு அருகே உள்ள ஆவுடையார்கோயில், பழைய நூல்களில் திருப்பெருந்துறை எனப்படும். கருவறையில் இலிங்கம் இல்லாமல் ஆவுடையாராகிய பீடம் மட்டுமே உள்ள இக்கோயிலில் நந்தியும் கொடிமரமும் இல்லை. வடித்த சோற்றைப் படைகல்லில் கொட்டி, எழும் ஆவியையே நிவேதனமாக்குகின்றனர். கொடுங்கை எனப்படும் வளைந்த கல் தாழ்வாரத்தில் மரச்சட்டங்களையும் ஆணிகளையும் கல்லிலேயே செதுக்கிய திறம் காண்போரை மலைக்க வைக்கும். ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்றது நீங்கலாக வேறு எதையும் செய்து தருவதாகச் சிற்பிகள் உடன்படிக்கை எழுதினர் என்பது வழிவழிச் செய்தி.

பாண்டியன் அரிமர்த்தனனின் அமைச்சராகிய வாதவூரர் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொருளை இங்கே கோயில் பணியில் செலவிட்டார். பின்னர் மாணிக்கவாசகர் எனப்பட்ட அவரைக் காப்பதற்காக இறைவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வணிகனாக மதுரைக்கு ஓட்டிச் சென்றான். அன்று இரவே அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இந்நிகழ்ச்சிகள் 'நரி பரியாக்கிய படலம்', 'பரி நரியாக்கிய படலம்' என அடுத்தடுத்து அமைந்துள்ளன. படலம் என்பது காவியத்தின் உட்பிரிவு. மாணிக்கவாசகரை 9ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்வோர் பலர். ஆயினும் 7ஆம் நூற்றாண்டின் அப்பர் தேவாரத்திலேயே சிவன் நரியைக் குதிரையாக்கும் செய்தி குறிக்கப்படுவதால், கதை மிகப் பழையது என்றோ மாணிக்கவாசகர் காலம் முந்தையது என்றோ ஆய்வாளர் வாதிட்டு வந்துள்ளனர்.

இக்கதையின் அடியில் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. பாண்டிய நாட்டில் நல்ல குதிரைகள் பிறப்பதில்லை; அவை அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வந்து கடற்கரையில் இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், வளர்க்கும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார். கருவூலத்தை விழுங்கிவிட்டு இலாயத்தில் நிலைக்காமல் மறையும் விலங்காகக் குதிரையை அறிந்திருந்த மக்களுக்கு, காலையில் பரியாக வந்து இரவில் நரியாக ஓடும் விலங்கு வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. அரசன் மதிக்கும் குதிரைக்கும் எவரும் மதிக்காத நரிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரே இரவில் அழித்துக் காட்டும் இக்கதை, அரச ஆடம்பரத்தின்மேல் வைத்த கடுமையான விமரிசனமும் ஆகும்.

மதுரை: மலையான விலங்குகளும் வலிமை பெற்ற குருவியும்

மேலூர் வழியாக மதுரையை நெருங்கும் பயணியை முதலில் எதிர்கொள்வது யானைமலை. துதிக்கையை நீட்டிப் படுத்த யானையின் தோற்றம் அந்த ஒற்றைப் பாறைக்கு உண்டு. சோழன் தூண்டுதலால் சமணர் வேள்வித் தீயில் தோற்றுவித்து ஏவிய யானையைச் சோமசுந்தரர் வேடராக வந்து நரசிங்க அம்பு எய்து வீழ்த்த, அதுவே மலையாயிற்று என்றும், அவ்வாறே ஏவப்பட்ட பாம்பு நாகமலையும், மாயப்பசு பசுமலையும் ஆயின என்றும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. மலையடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளுக்குரிய குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டின் பாண்டியர் கல்வெட்டு உள்ளது. அதே மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் சமண முனிவர் தங்கிய படுக்கைகளும் இருக்கின்றன. சமணரைப் பகைவராகச் சித்திரிக்கும் கதையையும், அவர்கள் அமைதியாகத் தவம் செய்து வாழ்ந்ததற்கான சான்றையும் இம்மலை ஒருங்கே தாங்கி நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே அதை முழுமையாகப் படித்தவர் ஆவார். மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தனர் என்பது, யானையின் உருவை அவர்கள் எவ்வளவு தமதாகக் கருதுகின்றனர் என்பதைக் காட்டுகிறது.

மதுரை நகருக்குரிய 64 திருவிளையாடல்களுள் விலங்குகள் பெறும் இடம் பெரிது. வைகைக் கரையில் குருவின் சாபத்தால் பன்னிரு உடன்பிறந்தார் பன்றிக்குட்டிகளாகப் பிறந்து, தாய்ப்பன்றி வேட்டையில் இறந்துபோக, பசியால் துடித்தன. சோமசுந்தரர் தாமே பெண்பன்றியாகி அவற்றுக்குப் பால் தந்தார். பின்னர் மனித உடலும் பன்றி முகமும் கொண்ட அவர்கள் பாண்டியனுக்கு அமைச்சராயினர். தெய்வம் தாய்ப்பன்றியாகும் இந்நிகழ்ச்சிக்கு ஈடு சொல்ல வேறு இலக்கியங்களில் எளிதில் ஒன்று கிடைக்காது. சாபம் நீங்கிய பின்னும் முகம் பன்றியாகவே இருந்தது என்பதும், அம்முகத்தோடேயே அவர்கள் அறிவால் அரசவையில் மதிக்கப்பட்டனர் என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை.

ஓர் இனத்தின் தோற்றத்தை நேராக விளக்கும் கதையும் மதுரையில் உள்ளது. முற்பிறவியில் நல்வினை செய்தும் சிறு தீவினையால் கரிக்குருவியாகப் பிறந்த ஒருவனைக் காகங்கள் ஓயாமல் கொத்தித் துரத்தின. மதுரையின் பெருமையை வழிப்போக்கர் பேசக் கேட்ட அக்குருவி, பறந்து வந்து பொற்றாமரைக் குளத்தில் மூழ்கி வழிபட்டது. இறைவன் மிருத்துயுஞ்சய மந்திரத்தை, அதாவது சாவை வெல்லும் மந்திரத்தை, அதற்கு உபதேசித்தான். குருவி தனக்கு மட்டும் வலிமை கேட்காமல் தன் இனம் முழுவதற்கும் கேட்டது. அன்று முதல் அவ்வினம் வலியன் என்று பெயர் பெற்றது. இரட்டைவால் குருவி, கரிச்சான் என்றும் வழங்கும் இப்பறவையை மதுரையைச் சுற்றியுள்ள வயல்களில் மின்கம்பிகளின்மேலும் மாடுகளின் முதுகின்மேலும் இன்றும் காணலாம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய காகத்தையும் பருந்தையும் அது விரட்டி அடிக்கும். அதன் கூடுள்ள மரத்தில் சாதுவான பிற பறவைகளும் பாதுகாப்பை நாடிக் கூடு கட்டும். மெலிந்த உயிர் வலிமை பெற்றபின் மற்ற மெலிந்தவற்றுக்கு நிழலாகிறது என்பதை, புராணமும் வயலும் ஒரே குரலில் உறுதி செய்கின்றன. ஆவணி மூலத் திருவிழாவில் கருங்குருவிக்கு உபதேசித்ததும், நாரைக்கு முத்தி கொடுத்ததும், நரியைப் பரியாக்கியதும் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுவதால், ஏடு படிக்காதவரும் இக்கதைகளைக் கண்ணாரக் கண்டு வருகின்றனர்.

திருச்செந்தூர்: பகைவன் பெற்ற உரு

மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலி வழியாகச் சென்றால் வழி கடலில் முடிகிறது. முருகனின் அறுபடை வீடுகளுள் கடலோரத்தில் அமைந்தது திருச்செந்தூர் ஒன்றே. ஐப்பசியில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் இக்கடற்கரையில் சூரசம்காரம் நிகழ்த்தப்படும்போது, அசுரனின் உருவத்தில் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படுகின்றன. யானைமுகனும் சிங்கமுகனும் வீழ்ந்த பின் சூரபத்மன் வருகிறான். அவனும் வீழ்கையில் மாமரமாகவும் சேவலாகவும் உரு மாறுகிறான். கரையில் கூடும் பெருந்திரள் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆரவாரத்தோடு வரவேற்கிறது.

மாமரமாகிய சூரனை முருகன் அழித்த செய்தி திருமுருகாற்றுப்படை உள்ளிட்ட பழைய நூல்களிலேயே உண்டு. முருகனுக்குச் சேவற்கொடியும் மயிலும் உரியவை என்பதும் அவற்றில் உண்டு. இவ்விரண்டையும் இணைத்து, வேலால் பிளக்கப்பட்ட சூரனின் உடற்கூறுகளே சேவலும் மயிலும் ஆயின என்று விரிவாகப் பாடியது கந்தபுராணம். அதன்படி போரின்போது இந்திரனே மயிலாகி முருகனைச் சுமந்தான். அக்கினியே சேவலாகிக் கொடியில் அமர்ந்தான். சூரன் பிளவுபட்டு இரு பறவைகளாகிச் சினந்து பாய்ந்து வந்தபோது, முருகன் அவற்றைக் கொல்லாமல் அருட்பார்வை செலுத்த, பகை நீங்கி நின்றன. தேவர்கள் வகித்த இடத்தை அப்பகைவனுக்கே அளித்து, சேவலைக் கொடியாகவும் மயிலை வாகனமாகவும், அதாவது ஊர்தியாகவும், முருகன் ஏற்றுக்கொண்டான்.

இதுவரை கண்ட கதைகளுள் பலவற்றில் விலங்குரு நீங்குவதே பேறாக இருந்தது; செந்தூரிலோ விலங்குருவே பேறு. சூரபத்மனுக்குப் பழைய உடல் திரும்பவில்லை, திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. அசுரனாக 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆண்ட காலத்தில் கிடைக்காத அண்மை, மயிலானபோது கிடைத்தது. பன்றிமுக அமைச்சர்களிடத்தும் வலியனிடத்தும் முளைவிட்ட எண்ணம் இங்கே முழுமை பெறுகிறது: தாழ்வு என்று கருதப்பட்ட உடலிலேயே உயர்வு அமையலாம், பகைவனையும் அழிக்காமல் உரு மாற்றித் தன்னோடு வைத்துக்கொள்ள முடியும் என்பதே அவ்வெண்ணம். தமிழ்நாட்டில் முருகன் கோயிலுள்ள குன்றுகளிலும் தோப்புகளிலும் மயில்களை மக்கள் துன்புறுத்தாமல் விட்டு வைத்ததற்கு, 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்தக் கதை காவலாக இருந்து வந்துள்ளது.

காஞ்சி முதல் செந்தூர் வரை இவ்வழியில் செல்வோர், மனிதனுக்கும் விலங்குக்கும் நடுவே கடக்க முடியாத எல்லை எதையும் தமிழ்த் தலபுராணங்கள் வரையவில்லை என்பதை உணர்வர். பல்லி முனிவர் மைந்தனாகவும், பாறு தவசியாகவும், பன்றி அமைச்சனாகவும், மயில் தேவியாகவும் பகைவனாகவும் இருக்கக்கூடிய உலகில், எந்த உயிரையும் அலட்சியமாக நடத்துவதற்கு இடமில்லை. ஆனால் கதை மட்டும் நிலைத்து உயிர் மறைந்தால் அந்த உணர்வுக்கு அடிப்படை இராது என்பதைக் கழுக்குன்றம் கற்பித்துவிட்டது. ஆகவே தலபுராணங்களை அச்சிட்டுப் பரப்புவதும், கோயில் சுவரில் அக்காட்சிகளைத் தீட்டுவதும், திருவிழாவில் நிகழ்த்துவதும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அவற்றில் வரும் உயிர்கள் வாழும் பாறைகளையும் வயல்களையும் குளங்களையும் காப்பது. கோயில் நிருவாகங்களும் பள்ளிகளும் பறவை ஆர்வலர்களும் இப்பணியில் கைகோத்தால், மயிலும் வலியனும் வருங்காலத் தலைமுறைக்கும் கதையாக மட்டுமல்லாமல் கண்முன் வாழும் உறவாகவும் இருக்கும். அந்தப் பொறுப்பை ஏற்பதே இவ்வூர்களுக்குச் செல்லும் யாத்திரையை நிறைவு செய்யும் வழிபாடு.